கடற்கரை எவருடைய முதுசமும் அன்று

(கரையோரப் பொதுக்காணிகள் பற்றிய பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



கடற்கரை யாருடைய காணி? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகவே நாம் இன்று கூடியிருக்கின்றோம். கேள்வி சிறியது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் பிழையான விடையினால் இந்நாட்டிலே எத்தனையோ கரையோரக் கிராமங்கள் அல்லற்பட்டிருக்கின்றன. "அரசாங்கக் காணிதானே, அரசாங்கம் விரும்பியவருக்குக் கொடுக்கலாம்" என்கின்றார் உத்தியோகத்தர். "அரசாங்கக் காணிதானே, நாம் என்ன செய்ய முடியும்" என்று சொல்லிவிட்டு நம்மவரும் வீட்டுக்குப் போகின்றார்கள். இருவரும் செய்வது ஒரே பிழை. அரசாங்கத்தின் பொறுப்பில் இருப்பது வேறு. அரசாங்கத்துக்குச் சொந்தமாய் இருப்பது வேறு.

தேசவழமை அறிந்த நமக்கு, ஆதனம் ஒருவர் கைக்கு எவ்வழிகளால் வரும் என்பதை எவரும் விளக்கவேண்டியதில்லை. முதுசமாக வரலாம், சீதனமாக வரலாம், தேடியதேட்டமாக வரலாம். கடற்கரை அரசாங்கத்துக்கு இம்மூன்றில் எவ்வழியால் வந்தது? மந்திரிமாரின் பாட்டனார் விட்டுச்சென்ற முதுசமா? இல்லை. அவர்கள் உழைத்துத் தேடிய தேட்டமா? அதுவும் இல்லை. அப்படியானால் அதனை வேண்டியவர்க்குச் சீதனமாகக் கொடுக்கும் உரிமை மாத்திரம் எங்கிருந்து வந்தது?

நம் ஊர்க் கோயிலை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்கு ஒரு மனேச்சர் இருக்கின்றார். திறப்பு அவர் கையில். கணக்கு அவர் கையில். வழக்கென்று வந்தால் கோயிலின் சார்பில் நீதிமன்றத்திற்குப் போகின்றவரும் அவரே. அதனால் அவர் கோயில் வீதியை வேலியடைத்துக் கடைக்காரருக்குக் குத்தகைக்கு விடலாமா? விட்டால் ஊர் சும்மா இருக்குமா? அவர் உரிமைக்காரர் அல்லர், நம்பிக்கைப் பொறுப்பாளர். கடற்கரை விடயத்தில் அரசாங்கத்தின் நிலையும் இதுவே.

இது நாம் மேடையிற் பேசுவதற்காகப் புனைந்த நியாயமன்று. காற்றும், ஓடும் நீரும், கடலும், கடற்கரையும் இயற்கை நீதியினால் எல்லோருக்கும் பொதுவானவை என்பது கி.பி. 6 ஆம் நூற்றாண்டிலே யுஸ்தீனியன் சக்கரவர்த்தியின் காலத்தில் தொகுக்கப்பட்ட உரோம சட்டத்தின் விதி. அந்த உரோம சட்டத்தின் வழிவந்த உரோம ஒல்லாந்த சட்டமே இலங்கையின் பொதுச் சட்டத்திற்கு அடித்தளம். ஆகவே கடற்கரை பொதுவானது என்று நாம் சொல்லும்போது அரசாங்கத்திடம் சலுகை கேட்கவில்லை. நாட்டின் சட்டத்தை நினைவூட்டுகின்றோம்.

காலிமுகத்திடலின் கதை

இதனைக் கற்பனைக் கதையாற் காட்டாமல், நடந்த வழக்கொன்றினாற் காட்ட விரும்புகின்றோம். கொழும்புக்குப் போய்வந்த எவரும் காலிமுகத்திடலைக் கண்டிருப்பர். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் காலி வீதி, நடுவே ஒரு நீண்ட வெளி. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையின் பீரங்கிகளுக்குத் தடையில்லாதபடி அவ்விடம் வெளியாக விடப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் காலத்திலே தேசாதிபதி சேர் ஹென்றி வோட் 1856 இல் அங்கே கடலோர நடைபாதையைத் தொடக்கினார். 1859 இல் அது நிறைவெய்தியது. கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மையின் பொருட்டு அதனைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்புவிப்பதாக அவர் அங்கே ஒரு கல்லிலே பொறித்து வைத்தார்.

அந்நிய நாட்டிலிருந்து நம்மை ஆள வந்த ஒரு தேசாதிபதி, தமக்குப் பின் வருவோரையும் கட்டுப்படுத்தும் வகையில் ஒரு பொறுப்பை எழுதிவைத்தார். நூற்றைம்பது ஆண்டு நிறைவெய்து முன்னரே, சுதந்திர இலங்கையின் அதிகார சபையொன்று அந்தப் பொறுப்பை மறந்தது. திடலின் நிருவாகம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருந்தது. அச்சபை, அங்கே பெரியதொரு களியாட்ட வளாகத்தை நடத்துவதற்கென்று தனியார் கம்பனியொன்றுடன் ஒப்பந்தம் செய்தது. மக்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்பதையும் எவரும் சொல்லவில்லை. பத்திரிகையில் வந்த செய்தியினாலேதான் விடயம் வெளியாயிற்று.

அப்பொழுது என்ன நடந்தது? ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்களா? இல்லை. என்வயரன்மென்டல் பவுண்டேசன் என்னும் சுற்றாடற் பொதுநல நிறுவனம் அதிகார சபைக்கு ஒரு கடிதம் எழுதியது. "நீங்கள் செய்துள்ள ஒப்பந்தத்தின் விவரங்களைத் தாருங்கள்" என்பதே அக்கடிதத்தின் சாரம். அதிகார சபை தர மறுத்தது. அந்த மறுப்புக் கடிதமே பின்னர் அதிகார சபைக்கு எதிரான பெருஞ் சாட்சியாயிற்று.

நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தது. 2005 நவம்பரிலே தீர்ப்பு வந்தது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா எழுதிய அத்தீர்ப்பிலே இரண்டு விடயங்கள் நாம் மனத்திற் பதிக்கவேண்டியவை.

ஒன்று: காலிமுகத்திடலை அவ்வாறு கைமாற்றுவதற்கு அதிகார சபைக்கு அதிகாரமே இல்லை, ஆகவே அந்த ஒப்பந்தம் சட்ட வலுவற்றது. திடல் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென்றே பேணப்படவேண்டும்.

இரண்டு: பொதுக்காணி பற்றிய விவரத்தைக் கேட்ட பிரசைக்கு, காரணமும் காட்டாமல் வெறுமனே மறுப்பது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரத்தை மீறுவதாகும். 12(1) உறுப்புரை தரும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டது. விடயத்தை அறியாதவன் அதனைப் பற்றி எவ்வாறு பேசுவான்? அறியும் உரிமை இல்லாத இடத்திலே பேசும் உரிமை வெறும் ஓசை. நாட்டிலே தகவல் அறியும் சட்டம் இல்லாதிருந்த காலத்திலேயே நீதிமன்றம் இதனைச் சொல்லியது.

தோழர்களே, அந்தத் திடல் அன்று கம்பனியின் வேலிக்குள் போயிருந்தால் நாடு எதை இழந்திருக்கும்? பட்டம் விடும் பிள்ளைகளின் வெளியை மாத்திரமா? 1956 ஜூன் 5 ஆம் திகதி, தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்தில் வந்த நாளிலே, தந்தை செல்வாவின் தலைமையில் தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் அமர்ந்ததும், குண்டர்களின் தாக்குதலைக் கைகட்டி ஏற்றதும் அந்தத் திடலிலேயே. 2022 ஏப்பிரல் 9 ஆம் திகதி முதல் நாட்டின் இளைஞர்கள் கூடாரமடித்து, ஒரு சனாதிபதியைப் பதவி விலகச் செய்ததும் அந்தத் திடலிலேயே. அதே ஆண்டு மே 18 ஆம் திகதி, அங்கே முள்ளிவாய்க்கால் நினைவு கூரப்பட்டு, கஞ்சி பகிரப்பட்டது. சிங்கள இளைஞர்களும் அதிற் கலந்துகொண்டனர். நுழைவுச் சீட்டு வாங்கிப் போகும் களியாட்ட வளாகத்தில் இவற்றுள் எது நடந்திருக்கும்? பொதுவெளி என்பது காற்று வாங்கும் இடம் மாத்திரம் அன்று. அதிகாரமில்லாதவன் வாய் திறக்கும் இடமும் அதுவே.

கமக்காரருக்கு இதில் என்ன?

"கடற்கரைக் கதை கரையாருக்கு; கொழும்புக் கதை கொழும்பாருக்கு; கமம் செய்யும் எமக்கு என்ன?" என்று ஒருவர் நினைக்கலாம். இந்நாட்டிலே பொதுச் சொத்து அரசாங்கத்தின் நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளது என்ற கோட்பாட்டை நிலைநாட்டியவர்கள் யார் என்று நினைக்கின்றீர்கள்? கமக்காரர்களே. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே பொசுபேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பனியொன்றுடன் சேர்ந்து அகழ்வதற்கு அரசாங்கம் முற்பட்டபொழுது, அவ்வூர்க் கமக்காரர்களும் விகாரையின் தேரர் ஒருவரும் உயர் நீதிமன்றம் சென்றனர். அகழ்வு நடந்தால் வயலும் குளமும் வாய்க்காலும் வீடும் போய்விடும் என்பது அவர்கள் முறைப்பாடு. 2000 ஆம் ஆண்டிலே நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க அளித்த தீர்ப்பு அவர்கள் பக்கம் நின்றது. அரசன் நிலத்தின் சொந்தக்காரன் அல்லன், காவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உரைத்ததாகக் கூறும் பழைய மரபையும் நீதியரசர் அங்கே எடுத்துக்காட்டினார்.

2008 ஆம் ஆண்டில் இன்னொரு தீர்ப்பு. பத்தரமுல்லையிலே பொதுத் தேவைக்கென்று மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட காணி, தனியாரின் கொல்ப் மைதானமாக மாறியது. உயர் நீதிமன்றம் அக்கொடுப்பனவைச் செல்லாதென்றது. முன்னாட் சனாதிபதி ஒருவரையே முப்பது இலட்சம் ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது.

எப்பாவலை வயல், பத்தரமுல்லைக் காணி, காலிமுகத்திடல் ஆகிய மூன்றையும் இணைக்கும் சட்டம் ஒன்றே. கடற்கரைக்குச் செல்லும் நியாயம் குளக்கட்டுக்கும் செல்லும். மேய்ச்சற் தரைக்கும் செல்லும். ஊர்ச் சுடலைக்கும் செல்லும். மட்டக்களப்பிலே மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 ஆம் ஆண்டிலே தம் மாடுகளின் மேய்ச்சற் தரைக்காக வீதியில் அமர்ந்தபோது கேட்டதும் இதே கேள்வியையே. கரையிலே இந்நியாயம் தோற்றால் நாளை வயலிலும் தோற்கும்.

ஒரே கடல், இரண்டு அளவுகோல்

காலிமுகத்திடல் வழக்கு நீதிமன்றில் இருந்த காலத்திலே, 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, ஆழிப்பேரலை வந்தது. அதன் பின்னர் கரையிலிருந்து குறித்த தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாதென்று அரசாங்கம் எல்லை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடல் ஒன்று, அளவுகோல் இரண்டு. அத்துடன் நிற்கவில்லை. உடைந்த குடிசையை அதே இடத்திற் கட்ட மீனவனுக்குத் தடை. சேதம் குறைந்த உல்லாச விடுதிக்கோ அதே எல்லைக்குள் மீண்டும் இயங்க இடம். பேரலை மீனவனை மாத்திரமா தேடி வரும்? விடுதியின் வாசலிலே அது நின்று அனுமதி கேட்குமா? எதிர்ப்பு எழுந்த பின்னரே அந்த எல்லை தளர்த்தப்பட்டது.

இதனை நாம் பழங்கதையாகச் சொல்லவில்லை. "பாதுகாப்பு" என்றும் "அபிவிருத்தி" என்றும் "சுற்றுலா" என்றும் பெயர் மாறி மாறி வரலாம். ஆனால் கரையிலிருந்து முதலில் விலக்கப்படுகின்றவன் கரையிலே வேலை செய்கின்றவனே. 2009 இன் பின்னர் பாசிக்குடாவிலே விடுதிகள் வரிசையாக எழுந்தபோது, தோணி கட்டவும் வலை காயவிடவும் இடம் சுருங்கிவிட்டதென்று மீனவர் முறையிட்டனர். 2010 ஆம் ஆண்டிலே அம்பாறை மாவட்டத்துப் பாணமையிலே கரையோரக் குடும்பங்கள் தம் காணியிலிருந்து துரத்தப்பட்டன. 2015 இலே மந்திரிசபை அக்காணியிற் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்த பின்னரும் அம்மக்கள் அலைந்தனர். இவர்களுள் தமிழரும் உளர், சிங்களவரும் உளர். கரையைக் கவர வருபவன் கரையிலுள்ளவனின் மொழியைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

காலம் கடந்தால் வழக்குமில்லை

காலிமுகத்திடலில் வென்ற நாடு, அதே திடலின் பக்கத்திலே பின்னர் தோற்றது. 2014 செப்டெம்பரிலே கொழும்புத் துறைமுக நகர வேலை ஆரம்பமாயிற்று. கடலை நிரப்பி 269 ஹெக்ரெயர் புதிய நிலம் உண்டாக்கப்பட்டது. அதற்கு வேண்டிய மணல் கடலடியிலிருந்து தோண்டப்பட்டது. மீன் பெருகும் இடங்கள் அழிகின்றன, கரை அரிக்கப்படுகின்றது என்று நீர்கொழும்பு மீனவர்கள் போராடினார்கள். கத்தோலிக்கக் குருமார் உடன் நின்றனர். 2015 இல் ஆட்சி மாறியதும் வேலை நிறுத்தப்பட்டது. 2016 இல் அதே ஆட்சியிலேயே மீண்டும் தொடங்கியது. 2019 சனவரியில் நிரப்பும் வேலை முடிந்தது. 2021 இலே அந்நிலத்திற்கென்று தனியான ஆணைக்குழுச் சட்டமும் நிறைவேறியது.

இரண்டு போராட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன? திடலிலே கட்டடம் எழுமுன் பத்திரத்தைக் கேட்டார்கள். துறைமுக நகரிலோ மக்கள் முழு விவரத்தையும் அறிவதற்குள் மணல் கடலில் விழத் தொடங்கிவிட்டது. கடலிலே கொட்டிய மணலை எந்த நீதிமன்றம் அள்ளிக் கொடுக்கும்? கட்சி மாறினால் திட்டம் மாறும் என்று நம்பியிருந்தவர்களும் ஏமாந்தார்கள். ஆகவே நாம் சொல்ல வந்தது ஒன்றே: கரைக்கு முதல் வேலி கேள்வி. அந்தக் கேள்வி முதல் நாளிலேயே கேட்கப்படவேண்டும்.

நாம் அபிவிருத்தியின் பகைவரா?

இப்பொழுது எதிர்த்தரப்பின் வாதத்தையும் நியாயமாக எடைபோடுவோம். "உங்கள் பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை வேண்டாமா? வெளிநாடு போகும் இளைஞரைத் தடுக்க வேறு வழி என்ன? விடுதி வந்தால் வேலை வரும், வீதி வரும், மின்சாரம் வரும். எதை எடுத்தாலும் எதிர்த்தால் ஊர் எப்பொழுது முன்னேறும்?" என்கின்றார்கள். இதனைச் சொல்கின்றவர் எல்லோரும் விலைபோனவர் அல்லர். போரினாலே முப்பது ஆண்டுகள் பின்தங்கிய மாவட்டங்களிலே முதலீடு வேண்டும் என்பதை மறுப்பவர் நம்முள் எவரும் இல்லை.

நம் விடை இதுவே. உல்லாச விடுதி வரட்டும். அதற்குத் தனியார் காணியும், கரைக்கு அப்பாலான அரச காணியும் இருக்கின்றன. கரையோரத்தில் வருவதாயின் திட்டத்தை முன்கூட்டியே ஊருக்குத் தமிழிலே காட்டட்டும். கடலுக்குப் போகும் பாதையை அடைக்காதிருக்கட்டும். கரைவலைப் பாட்டையும், வள்ளம் ஏற்றும் துறையையும், கருவாடு காயவிடும் மணலையும் தொடாதிருக்கட்டும். விடுதியின் கழிவு நீர் எங்கே போகும், நன்னீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும் என்பதைச் சொல்லட்டும். மணற்றிட்டிகளின் கீழ் நிற்கும் மெல்லிய நன்னீரை நம்பியே நம் கரையோரக் கிணறுகள் இருக்கின்றன. திட்டியை வெட்டித் தளமாக்கினால் அடுத்த கோடையிலே உவர் நீர் வருவது மீனவன் கிணற்றுக்கு மாத்திரம் அன்று. பக்கத்துத் தோட்டக்காரனின் வெங்காயப் பாத்திக்குந்தான்.

இவற்றுக்கெல்லாம் விடை தரும் திட்டத்தை நாம் வரவேற்போம். விடை தர மறுக்கும் திட்டத்திலே மறைப்பதற்கு ஏதோ இருக்கின்றது என்றே கொள்ளுவோம்.

கையிலுள்ள கருவிகள்

இனி, செய்யவேண்டியது என்ன? 2005 இலே தீர்ப்பினால் மாத்திரம் கிடைத்த உரிமை, 2015 இலே 19 ஆம் திருத்தத்தினால் அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாக எழுதப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது. அதன்படி எந்தப் பிரசையும், பிரதேச செயலகமாயினும் சுற்றுலாச் சபையாயினும், அங்குள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தமிழிலே எழுதலாம். எதற்காகக் கேட்கின்றீர் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் அலுவலர் எழுதி உதவவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு.

அச்சட்டத்தின் 9 ஆம் பிரிவைப் பலர் அறியார். அந்நிய நிதியில் ஓரிலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டமாயினும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமாயினும், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் விவரம் அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. ஆகவே "இன்னும் தீர்மானமில்லை, பிறகு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால், இப்பிரிவைக் காட்டுங்கள்.

இரண்டாவது கருவி 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம். உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலை செய்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சுற்றாடற் தாக்க அறிக்கை கோரப்பட்டால், அது பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்ல இடமளிக்கப்படவேண்டும். இந்த முப்பது நாள் நம் ஊர்களிலே எத்தனைமுறை எவருக்கும் தெரியாமற் கழிந்திருக்கின்றது! கிராம சேவையாளரின் விளம்பரப் பலகையையும் வர்த்தமானியையும் பார்ப்பதற்கென்று ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆசிரியரையோ ஓய்வுபெற்ற உத்தியோகத்தரையோ நியமியுங்கள். அது ஒரு பதவியன்று, ஒரு காவல்.

மூன்றாவது, நீதிமன்றம். இங்கே ஓர் எச்சரிக்கை. 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. நம் மக்கள் முதலில் பாராளுமன்ற உறுப்பினரிடம் போகின்றார்கள். பின்னர் பிரதேச செயலாளரிடம் போகின்றார்கள். பின்னர் ஆளுநருக்கு மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கின்றார்கள். எல்லா வாசலும் ஏறி இறங்கிய பின்னர் சட்டத்தரணியிடம் வரும்போது நாட்கள் கடந்துவிடுகின்றன. வாசல்கள் ஏறுவதை நாம் தடுக்கவில்லை. முறைப்பாட்டின் பிரதியையும் திகதியையும் முதல் வாரத்திலேயே சட்டத்தரணியிடம் கொண்டுவாருங்கள் என்றே வேண்டுகின்றோம். இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்துறை நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். கரையோரக் கிராமங்களின் இத்தகைய வழக்குகளிலே கட்டணம் வாங்காது தோன்றுவதென்று நாம் ஒரு நிரலை இன்றே எழுதுவோம்.

நம் வீட்டுப் பக்கமும் பார்ப்போம்

இறுதியாக, கசப்பான ஒரு வார்த்தை. கடற்கரை பொதுவானதென்று பிறருக்குச் சொல்கின்ற நாம், அதனை நமக்கும் சொல்லவேண்டும். வடமராட்சி கிழக்கின் மணற்றிட்டிகளை இரவோடிரவாக உழவு இயந்திரங்களில் ஏற்றியவர் எல்லோரும் அயலாரா? கடலோரக் காணியின் எல்லை மதிலை ஆண்டுதோறும் ஒவ்வொரு முழமாகக் கடற்பக்கம் நகர்த்துகின்றவர் யார்? வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டி, ஊரவர் கடலுக்குப் போன ஒழுங்கையை இரும்புப் படலையினால் அடைத்தவர் யார்? பொறுப்பாளர் வேலியடைப்பது குற்றமாயின், பொதுமகன் வேலியடைப்பதும் குற்றமே. நாம் சுத்தமான கையோடு நீதிமன்றம் போகவேண்டும். ஒவ்வோர் ஊரும் தன் கடலொழுங்கைகளை எண்ணிப் பெயரிட்டு, வரைபடத்தில் எழுதி, பிரதேச சபையிலே பதிந்து வைக்கவேண்டும். பதிவில்லாத பாதையே முதலில் தொலையும் பாதை.

2025 ஆம் ஆண்டிலே மன்னார்த் தீவு மக்கள் கனியமணல் அகழ்வுக்கும் காற்றாலைத் திட்டத்துக்கும் எதிராக வீதிக்கு வந்தபோது, மீனவரும் குருமாரும் வர்த்தகரும் மாணவரும் ஒருங்கு நின்றதை நாடு கண்டது. அந்த ஒருமைப்பாடு, ஆபத்து வாசலுக்கு வந்த பின்னர் மாத்திரம் கூடுவதாய் இருக்கலாகாது.

நம் கரையிலே படரும் அடம்பன் கொடியை எல்லோரும் அறிவீர்கள். தனியே எடுத்தால் சிறுபிள்ளையும் அறுத்துவிடும். மணலைப் பிடித்துவைத்துத் திட்டியைக் காப்பதும் அதுவே. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் சொன்னதை நாம் கூட்ட மேடைகளிலே பலமுறை கேட்டுவிட்டோம். இனி அதனைக் கரையிலே செய்துகாட்டும் நேரம்.

ஆகவே, கலைந்து போகுமுன் மூன்று காரியங்கள். ஊருக்கு ஒரு காவற் குழு; குழுவுக்கு ஒரு சட்டத்தரணி; இம்மாதத்துக்குள், நம் கரையோரக் காணிகளிலே எவை எவருக்குக் குத்தகைக்கோ ஒதுக்கத்துக்கோ கேட்கப்பட்டிருக்கின்றன என்று ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் ஒரு தகவல் விண்ணப்பம். படிவங்கள் வாசலிலுள்ள மேசையில் இருக்கின்றன. எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். காலிமுகத்திடலைக் காத்தது ஒரு கடிதம். நம் கரைக்கும் முதலில் ஒரு கடிதம் எழுதுவோம்.